மொட்டை மாடி எர்த் சாத்திரம்

கம்பியில்லா இணையத்தை வீட்டுக்குக் கொண்டுவரத் தேவைப்படும் பொருள்கள்: மாடியிலிருந்து கூடத்துக்கு இறங்கும் லேன் கம்பி, கம்பத்தை மூன்று திசையிலும் இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி, எர்த் கம்பி, இவற்றை எதோடாவது பிணைத்துவைக்கக் கட்டுக்கம்பி. மிச்சம் இருப்பது இரண்டு சாண் அகலத்தில் வெள்ளைத் தட்டு ஒன்று. அது ஊர் எல்லையில் நிற்கும் டவரைப் பார்த்தபடி இருக்கும். தட்டைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கம்பிகளைப் பற்றி, அதிலும் எர்த் கம்பியைப் பற்றி, முறையான சாத்திரம் எதுவும் இல்லாதது தமிழுக்கு ஒரு குறை. அதைப் போக்குவதே இந்நூலின் பயன். நூல் என்றது சிறப்பு நோக்கி. அளவில் இது கட்டுரைதான்.

இத்துறையில் நம் நாட்டுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 2000-களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுப்புறக் கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தூர வைஃபையால் இணைத்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடன் நின்றார்கள். போடியில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் கண்ணைத் தேனியில் இருக்கும் மருத்துவர் பார்ப்பார். பிற்பாடு தங்கள் அனுபவத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதியபோது அந்த ஆய்வாளர்கள் சொன்ன விஷயம் கவனத்துக்குரியது: பழுதுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தின் தரக்குறைவால் வந்தவை. மைல் கணக்கில் வெட்டவெளியைக் கடந்த அலை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சுவரில் இருந்த பிளக்தான் காலை வாரியிருக்கிறது.

எனவே பிளக்கிலிருந்து தொடங்குவதே முறை. ஆனாலும் ஆராய்ச்சி என்றால் வரலாறு முதலில் வர வேண்டும் என்பது மரபு.

இடி இடித்தால் “அர்ஜுனா, அர்ஜுனா” என்று சொல்வது நம் வழக்கம். அதே வேலைக்கு ஐரோப்பியர்கள் தேவாலய மணியை அடித்தார்கள். மணியோசை மின்னலை உடைக்கும் என்று மணியின் மேலேயே லத்தீனில் வார்த்தும் வைத்தார்கள். பாதுகாப்புப் பொறியியல் நோக்கில் இரண்டையும் சீர்தூக்கினால் அர்ஜுனன் முறையே மேல். அதை வீட்டுக்குள், காய்ந்த தரையில், உட்கார்ந்தபடியே செய்யலாம். மணியடிப்பவரோ ஊரிலேயே உயரமான கட்டடத்தில் நனைந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மணியடிப்பவர்கள் அடுத்தடுத்துச் செத்ததால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் அந்தப் பழக்கத்துக்குத் தடை வந்தது. அர்ஜுனனுக்கு இன்றுவரை தடை இல்லை.

மாடியில் ஆன்டெனா வைப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் கியோர்க் வில்ஹெல்ம் ரிக்மான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துப் பேராசிரியர். 1752-ல் பிரான்சில், மார்லி என்ற ஊரில், அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்ளின் சொன்னபடி இரும்புத் தண்டை நட்டு மேகத்திலிருந்து மின்சாரம் இறக்கிக் காட்டிய செய்தி பரவியதும் அவரும் தன் வீட்டில் ஒன்றை அமைத்தார். கூரையில் தண்டு, அங்கிருந்து வீட்டுக்குள் கம்பி, கம்பியின் முனையில் அளவிடும் கருவி. எர்த் மட்டும் கிடையாது. 1753-ல் ஒரு நாள் இடிச்சத்தம் கேட்டதும் ரீடிங் எடுக்க ஓடினார். கருவியை நோக்கிக் குனிந்தவரின் நெற்றியில் தீப்பிழம்பு பாய்ந்தது. ஒரு காலின் செருப்பு கிழிந்தது. அங்கேயே உயிர் போயிற்று. கூரையில் கருவி, வீட்டுக்குள் கம்பி, எர்த் இல்லை என்ற இந்த ஏற்பாட்டை இனி ‘ரிக்மான் பாணி’ என்று குறிப்போம். நம் ஊர் மாடிகளில் அது இன்றும் செல்வாக்கோடு விளங்குகிறது.

அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் என்ற பகுதியும் பழையதே. பிரான்சில் சேன்ட் ஓமர் என்ற ஊரில் விசரி என்பவர் வீட்டுக்கூரையில் இடிதாங்கி வைத்தார். தண்டின் உச்சியில் வாள்முனை. ஊருக்கே மின்னலை வரவழைக்கிறான் என்று அண்டை வீட்டார் முறையிட, நகர நிர்வாகம் கழற்றச் சொன்னது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய், 1783-ல் இடிதாங்கியின் பக்கம் தீர்ப்பானது. வாதாடிய இளம் வக்கீலின் பெயர் ரோபஸ்பியர். மேலிருந்து விழும் எல்லாவற்றுக்கும் இடிதாங்கி கிடையாது என்பது 1794-ல் கில்லட்டின் அடியில் அவருக்கே தெரியவந்தது. நம் ஊரில் ஆட்சேபம் மின்னலைக் குறித்து வருவதில்லை, குருவியைக் குறித்து வருகிறது. 2018-ல் ‘2.0’ படம் வந்த பிறகு, அதில் பறவைகளுக்காகச் செல்போனை எதிர்க்கும் பட்சிராஜன் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். தட்டின் ரேடியோ ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் உமிழ்கிறது என்று அவருக்கு விளக்கிப் பயனில்லை. அந்த வருஷமே மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பெரும் பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டதைச் சொல்லவே கூடாது.

தண்டின் முனை கூராக இருக்க வேண்டுமா, மொட்டையாக இருக்க வேண்டுமா என்பதில் லண்டனில் பெரிய சண்டை நடந்தது. கூர்முனை ஃபிராங்ளின் கட்சி. 1777-ல் பர்ஃபிளீட் வெடிமருந்துக் கிடங்கில், கூர்முனைத் தண்டுகள் இருந்தும் மின்னல் இறங்கியதால், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மொட்டைக் கட்சிக்கு மாறினார். அமெரிக்கா பிரிந்து போய்க்கொண்டிருந்த நேரம். ஃபிராங்ளின் சொல்லும் எதற்கும் மன்னர் எதிர்க்கட்சி. பிற்காலத்தில் நியூ மெக்சிகோ மலையுச்சியில் இரண்டு வகையையும் பக்கம் பக்கமாக நட்டுப் பார்த்ததில், மின்னல் தேடிப் பிடித்தது மொட்டைத் தண்டுகளைத்தான். மன்னர் சொன்னது சரியாகப் போயிற்று. அமெரிக்கா திரும்பவில்லை.

கோபுரக் கலசமே இடிதாங்கி, முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர் என்று வாட்ஸ்அப்பில் வரும் கட்டுரையையும் இந்த இடத்தில் குறிப்பிட வேண்டும். கலசத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கும் கம்பி எங்கே என்று கேட்டால் குழுவிலிருந்து நீக்கிவிடுகிறார்கள்.

இனி எர்த். இது ஐந்து வகைப்படும்.

முதலாவது உண்மை எர்த். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 3043 சொல்வது இதைத்தான்: குறைந்தது இரண்டரை மீட்டர் நீள ஜிஐ பைப், உள்விட்டம் 38 மி.மீ.க்குக் குறையாமல், மண்ணுக்குள் செங்குத்தாக. நம் வழக்கில் சுற்றிலும் அடுக்கடுக்காகக் கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்ற மேலே புனல் வைப்பார்கள். உப்பு மண்ணை மின்சாரத்துக்கு இணங்கவைக்கும். அதே உப்பு வருஷம் தவறாமல் பைப்பையும் அரிக்கும். கோடை இடிமழை சித்திரை, வைகாசியில் வருகிறது. அந்தக் கத்திரி வெயிலில்தான் எர்த் குழியும் வறண்டு, மின்தடை ஏறிக் கிடக்கும். அப்போது இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னால், குடிக்கவே தண்ணீர் இல்லை என்ற பதில் வரும். அது நியாயமான பதில்தான்.

இரண்டாவது உருவக எர்த். சுவிட்ச் போர்டில் மூன்று துளை இருக்கும். பெரிய துளைக்குப் பின்னால் எந்த வயரும் இருக்காது. தட்டுக்கு மின்சாரம் அனுப்பும் அடாப்டரில் மூன்று பின் இருப்பதற்குக் காரணம் உண்டு: மாடியில் தட்டின் மேல் சேரும் நிலைமின்சாரம் லேன் கம்பியின் உறை வழியாக இறங்கி, அடாப்டருக்கு வந்து, அந்தப் பெரிய பின் வழியாகத்தான் மண்ணுக்குப் போக வேண்டும். நடைமுறையில் அடாப்டரோடு வந்த வயர் கிடங்கிலேயே காணாமல் போய், டேப் ரிக்கார்டர் காலத்து இரண்டு பின் வயர் மாட்டப்பட்டிருக்கும். பெரிய துளைக்குள் பால்பாயின்ட் ரீஃபில் ஒன்றைச் சொருகி மூடியைத் திறந்துகொண்டு இரண்டு பின்னை உள்ளே தள்ளியிருப்பார்கள். சில வீடுகளில் அந்த ரீஃபில் நிரந்தர உறுப்பினர்.

மூன்றாவது ஆகுபெயர் எர்த். தண்ணீர்க் குழாய் இரும்பாக இருந்த காலத்தில் எர்த் கம்பியை அதில் கட்டினார்கள். குழாய் மண்ணுக்குள் நெடுந்தூரம் ஓடியதால் அது பொருந்தியது. குழாய் பிவிசி ஆன பிறகும் கட்டுகிறார்கள். ஓரிடத்தில் வெள்ளைக் குழாயில் ஜிஐ கம்பியை எட்டுச் சுற்று சுற்றி, முடிச்சுக்கு மேல் எம்-சீல் பூசி, துரு பிடிக்காதிருக்கப் பெயின்டும் அடித்திருந்ததைக் கண்டேன். வேலை சுத்தம்.

நான்காவது எச்ச எர்த். பெயரெச்சம், வினையெச்சம் போல முற்றுப்பெறாமல் நிற்பதால் இப்பெயர். மாடியிலிருந்து சுவரோரமாகக் கிளிப் அடித்து அழகாக இறங்கும் கம்பி, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிடும். அடுத்த நாள் வந்து குழி தோண்டுவதாகச் சொல்லிப் போனவர் வரவில்லை. இந்த வகைக்குரிய உரையாடல் எங்கும் ஒன்றுதான்.

“எர்த் குடுத்தாச்சா தம்பி?”

“பக்காவா இருக்கு சார்.”

“எங்க போகுது?”

“கீழதான் சார் போகுது.”

திசையைப் பொறுத்தவரை இந்தப் பதிலில் பிழை இல்லை.

ஐந்தாவது போலி. எர்த் இல்லாத போர்டில், நியூட்ரல் வயரிலிருந்தே ஒரு துண்டை எடுத்து எர்த் முனைக்கு லூப் அடிப்பது. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் பல்பு ஜோராக எரியும். எர்த் பிரமாதம் என்று வீட்டுக்காரர் காசு கொடுத்துவிடுவார். இலக்கணத்தில் போலி வந்தால் பொருள் மாறாது, ஆளுக்கும் ஆபத்தில்லை. இங்கே எப்போதாவது நியூட்ரல் எங்காவது அறுந்தால், வீட்டில் எரியும் ஏதாவதொரு விளக்கின் வழியாக 230 வோல்ட் சுற்றி வந்து எர்த் முனையில் ஏறும். அங்கிருந்து கிரைண்டரின் உடம்புக்கு, ஃபிரிட்ஜின் கைப்பிடிக்கு, மாடிக் கம்பத்துக்கு. கம்பத்தில் ஈரத்துணி காயப்போடக் கொடி கட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் இந்தப் போலி பெரும்பாலும் செல்லாது; ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். அதற்குப் பரிகாரமாக ஆர்சிசிபியைக் கழற்றிவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னது வகை. இனிச் சொல்லப்போவதுதான் சாத்திரத்தின் நடுப்புள்ளி. வசதியுள்ளவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

நல்ல எர்த் என்றால் மின்னல் சத்தமில்லாமல் மண்ணுக்குள் மறைந்துவிடும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சராசரி மின்னலில் ஓடும் மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். புத்தகப்படி 10 ஓம் தடையுள்ள நல்ல எர்த்தில் அது இறங்கினால், அந்த எர்த்தும் அதோடு சேர்ந்த அனைத்தும் அந்தக் கணம் 3 லட்சம் வோல்ட்டுக்கு உயரும். மண்ணுக்குப் போவது நிஜம். போகும் வழியில் வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் வீட்டில் உள்ள கம்பம், கம்பி, ரௌட்டர், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒன்றாக 3 லட்சத்துக்கு உயர்ந்தால் பெரிய சேதம் இல்லை. ஒன்று உயர்ந்து மற்றொன்று தரையிலேயே நின்றால்தான் இடையே மின்சாரம் பாயும். மின்னலுக்கு உயரத்தைப் பற்றிக் கவலை இல்லை, ஏற்றத்தாழ்வுதான் அதற்கு ஆகாது.

தட்டுக்கென்று தனி எர்த் போட்டிருக்கிறேன் என்று பெருமையாகக் காட்டுபவர்களைப் பார்த்து அஞ்ச வேண்டிய காரணம் இதுவே. வீட்டு எர்த் வாசல் பக்கம். தட்டின் எர்த் கொல்லைப் பக்கம், புதுக்குழி, புதுக் கரி. மின்னல் தட்டின் எர்த்தில் இறங்கினால் அந்தப் பக்கம் 3 லட்சம், இந்தப் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டையும் இணைத்துக்கொண்டு நடுவில் ஓடுவது பென்சில் தடிமன் லேன் கம்பி. அதன் முனையில், ரௌட்டருக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் என்று தர நிர்ணயம் உறுதி தருவது 1,500 வோல்ட். தனிக்குடித்தனத்தின் அருமை பெருமைகளைப் பற்றி வேறு துறையினர் என்ன சொன்னாலும், எர்த் விஷயத்தில் கூட்டுக்குடும்பமே விதி: கொல்லைக்குழியையும் வாசல்குழியையும் தடித்த கம்பியால் ஒன்றாகப் பிணைத்தே ஆக வேண்டும். கம்பத்திலிருந்து இறங்குவதற்கு 16 சதுர மி.மீ. செம்புக் கம்பி பொதுவான அளவு. வீட்டுக்கு வெளியே, சுவரோரமாக, நேராக.

நேராக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்னல் ஓரிரு மைக்ரோ நொடியில் உச்சத்துக்கு ஏறுகிற வேகக்காரன். அந்த வேகத்தில் எந்தக் கம்பியும் மீட்டருக்குச் சுமார் 10,000 வோல்ட் எதிர்ப்புக் காட்டும். வளைவும் சுருளும் சேர்ந்தால் இன்னும் அதிகம். நம் எலக்ட்ரீஷியன்களிடம் ஓர் அழகுணர்ச்சி உண்டு. எர்த் கம்பியில் மீந்ததை வெட்டமாட்டார்கள். ஸ்குரூடிரைவர் தண்டில் இறுக்கிச் சுற்றி உருவி, ஸ்பிரிங் மாதிரி ஆக்கி, கம்பத்தடியில் தொங்கவிடுவார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். மின்னல் அந்தச் சுருளைச் சுற்றிச் சுற்றி இறங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது பக்கத்தில் இருக்கும் லேன் கம்பிக்குத் தாவிவிடும்.

திடீரென ஏறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர் பற்றிச் சுருக்கமாக: மாடியில் ஒன்று, கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. இரண்டிலிருந்தும் வரும் பச்சை வயரை எர்த்தில் சேர்க்க வேண்டும். சுருட்டி டேப் ஒட்டி டப்பாவுக்குள்ளேயே திணிக்கக் கூடாது. லேன் கம்பி உறையுள்ளதாகவும் வெயில் தாங்குவதாகவும் இருக்கட்டும். வீட்டுக்குள் நுழையுமுன் கம்பியைத் தொப்பை மாதிரி கொஞ்சம் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் ரௌட்டர் வரைக்கும் நடந்து வரும். நேரே தலையில் விழும் இடியை இவை எதுவும் தடுக்கப் போவதில்லை. அடுத்த தெருவில் விழுந்த இடிக்கு நம் வீட்டு ரௌட்டர் உயிரை விடுவதைத் தடுக்கும். நடப்பதில் அதுதான் அதிகம்.

ஃபைபர் வந்துவிட்டதே, கண்ணாடியில் மின்சாரம் பாயாதே என்று கேட்பவர்கள் தெருவிலிருந்து தங்கள் வீட்டுக்கு வரும் கறுப்புக் கம்பியை நறுக்கிப் பார்க்கலாம். கண்ணாடி இழைக்குத் துணையாகப் பெரும்பாலும் எஃகுக் கம்பி ஒன்று உடன் வருகிறது.

கம்பத்தை எங்கே நடுவது என்ற பகுதியில் மட்டும் சிரிக்க இடமில்லை. மின்னல் வருஷத்தில் சில நாள் வருகிறது. மின்வாரியத்தின் 11,000 வோல்ட் கம்பி மாடிச் சுவருக்கு அப்பால், உறையே இல்லாமல், வருஷம் முழுவதும் இருக்கிறது. கட்டடத்துக்கும் அதற்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது சட்டம். வீடு முதலில் வந்ததா, கம்பி முதலில் வந்ததா என்பது தெருவுக்குத் தெரு மாறும். கம்பம் நிற்கும்போது எவ்வளவு தூரம் என்று பார்த்துப் பயனில்லை. சாய்ந்தால் முனை எங்கே போய் விழும் என்று பார்க்க வேண்டும். ஆறு மீட்டர் பைப்புக்கு ஒன்பது மீட்டர் தூரத்துக்குள் மின்கம்பி இருக்கலாகாது. இரண்டு பேர் பைப்பைத் தூக்கி நிறுத்தும்போது தடுமாறி, பைப் கம்பியில் சாய்ந்து, இரண்டு பேரும் போன செய்தி ஆண்டுதோறும் மாவட்டப் பக்கத்தில் வருகிறது. அலுமினிய ஏணியும் பைப் வகையைச் சேர்ந்ததே.

உயரம் வேண்டும் என்று அடம்பிடிப்பதற்கும் அவசியம் குறைவு. ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு, நடுவழியில், பார்வைக்கோட்டைச் சுற்றி இரண்டு மீட்டர் அளவுக்குக் காலியாக இருந்தால் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் போதும். மாடிப்படி அறையின் சுவரில், அதன் உச்சிக்குக் கீழே மாட்டினாலே பல வீடுகளில் வேலை முடியும். ஊரில் உயரமானது என்ற பட்டம் வேறு யாருக்காவது போகட்டும். தென்னையில் கட்டும் வழக்கம் பற்றியும் கேட்கிறார்கள். தென்னை வளரும், ஆடும், மட்டை விழும். இடி முதலில் தேடுவதும் அதைத்தான்.

இத்தனைக்கும் பிறகு தட்டு கருகிப் போனால் என்ன செய்வது? உத்தரவாத அட்டையில் மின்னலால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று இருக்கும். சில அட்டைகள் அதை இறைவன் செயல் என்ற தலைப்பில் சேர்க்கின்றன. வணிக நிறுவனங்கள் இறைநம்பிக்கையை எழுத்தில் வெளியிடுவது அங்கு மட்டுமே. இடி விழுந்த கோபுரக் கலசம் இரிடியமாகிவிடும், கோடிக்கு விலைபோகும் என்று சொல்லிப் பணம் பறித்தவர்கள் மீது தமிழ்நாட்டில் வழக்குகள் உண்டு. இடி விழுந்த ரௌட்டருக்கு அப்படி ஆசை காட்டக்கூட யாரும் முன்வரவில்லை. அது போய்ச் சேர்வது பழைய இரும்புக் கடைக்கு.

கடைக்காரர் தட்டைப் புரட்டிப் பார்த்துப் பிளாஸ்டிக் குவியலில் போட்டார். அடாப்டரைக் கையில் எடை பார்த்தார். இந்தச் சாத்திரம் முழுவதிலும் எர்த் கம்பியின் அருமையைக் கேட்காமலே உணர்ந்தவர் அவர் ஒருவர்தான்.

“மாடியில செம்புக் கம்பி ஏதும் போட்டிருக்கீங்களா சார்? நல்ல ரேட்டு போகுது.”